மூன்று பேரைக் கேட்கும் அண்ணி

கல்யாணத்துக்கு முன்பு, எங்கள் அண்ணி முதன்முதலாக எங்கள் வீட்டுக்கு வந்த நாளில், வாசலிலேயே அவளை எனக்குப் பிடிக்காமல் போயிற்று. பஸ் நிறுத்தத்திலிருந்து எங்கள் வீடு கூப்பிடு தூரம். இறங்கியதும் பூட்டுக் கடைக்காரரிடம் வழி கேட்டிருக்கிறாள். அவர் இடது பக்கம் என்று சரியாகத்தான் சொல்லியிருக்கிறார். போதாதா? போதவில்லை மகராசிக்கு. தபால்காரரைக் கேட்டு, பிறகு எதிரே வந்த ஒரு அம்மாளையும் கேட்டிருக்கிறாள். நாங்கள் எல்லோரும் பசியோடு உட்கார்ந்திருந்தோம்.

“ஏன் இவ்ளோ நேரம்?” என்று அண்ணன் கேட்டான்.

“ரெண்டு பேர் வலதுன்னாங்க, ஒருத்தர் இடதுன்னார். ரெண்டு பேர் சொன்ன பக்கம் போனேன்” என்றாள். கொஞ்சமும் வெட்கம் இல்லை. அந்த இரண்டு பேரும் எப்படித் தப்பாகச் சொன்னார்கள் என்றுதான் சாப்பிட்டு முடிக்கும்வரை யோசித்துக்கொண்டிருந்தாள்.

அன்றைக்கே அவளுக்கு ‘இன்னொருத்தர்’ என்று பெயர் வைத்துவிட்டேன். குடை வாங்கினாலும் சரி, பல்லைப் பிடுங்கினாலும் சரி, “எதுக்கும் இன்னொருத்தரையும் கேட்டுடலாமே” என்பாள். ஒரு சமயம் அம்மா, “குழம்புல உப்பு இருக்கா பாரு” என்று கரண்டியை நீட்டினாள். அண்ணி ருசி பார்த்தாள், தலையை ஆட்டினாள், அப்புறம் கரண்டியை என்னிடம் கொண்டு வந்தாள். தன் நாக்கையே நம்பாதவளோடு என்ன குடித்தனம் நடத்துவது என்று நான் அண்ணனிடம் வாய்விட்டே கேட்டேன். நாத்தனார் என்றால் அப்படி ஏதாவது கேட்கத்தானே வேண்டும்.

அவள் வேலையும் அவளுக்கென்றே செய்து வைத்த மாதிரி இருந்தது. கண்ணாடிக் கடைக்கு மேலே ஒரு மாடி அறை. நாலைந்து பேர் மட்டுமே உள்ள ஒரு சின்ன கம்பெனி. நாம் ஒரு கேள்வியைத் தட்டினால், அதை இணையத்தில் தேடித் தரும் நான்கு தேடுபொறிகளிடம் ஒரே நேரத்தில் கேட்டு, அவை கொண்டு வரும் பதில்களை எல்லாம் சேர்த்து ஒரே பட்டியலாகக் காட்டும் ஒரு கருவியை அவர்கள் செய்து விற்றார்கள். சம்பளத்துக்கு நாலு பேரை வழி கேட்கிற வேலை!

“நாலு பேரும் நாலு விதமா சொன்னா யார் பேச்சை எடுத்துக்குவீங்க?” என்று ஒருநாள் வம்புக்குத்தான் கேட்டேன். அவள் அதை நிஜக் கேள்வியாக எடுத்துக்கொண்டு, நறுக்கிக்கொண்டிருந்த பழத்தைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டாள்.

“இப்போ நம்ம வீட்டுல எந்தப் பழம் வாங்கலாம்னு மார்க் போடச் சொல்றேன்னு வை. அத்தை ஆறு போட்டாலே பெரிய மார்க். உங்கண்ணன் எல்லாத்துக்கும் பத்துக்குப் பத்து போடுவார். நீ ரெண்டுக்கு மேல தரவே மாட்டே. இந்த மார்க்கை அப்படியே கூட்டினா யார் ஜெயிப்பா?”

“அண்ணன்தான்.”

“அதான். தேடுபொறியும் அப்படித்தான். ஒண்ணு நூத்துக்குப் போடும், ஒண்ணு மார்க்கே வெளியில சொல்லாது. அதனால மார்க்கை விட்டுடுவோம். யாருக்கு எது முதல்ல, எது ரெண்டாவதுன்னு வரிசையை மட்டும் எடுப்போம். முதல் இடத்துக்கு நிறைய, கீழே போகப் போகக் கொஞ்சம். எல்லார் வரிசையிலும் வர்றது தானா மேல ஏறிடும்.”

எனக்கு அது பிடித்திருந்தது. அவளிடம் சொல்லவில்லை. ஆனால் அன்றிலிருந்து ஏதாவது கேட்டுக்கொண்டே இருந்தேன். நான்கில் ஒன்று எப்போதும் மெதுவாகத்தான் பதில் சொல்லுமாம். அண்ணி அதைச் ‘சோம்பேறி’ என்றுதான் சொல்வாள். அது வரும்வரை காத்திருந்தால் கேட்டவர் எழுந்து போய்விடுவார் என்பதால், பல சமயம் அதை விட்டுவிட்டு மற்ற மூன்றின் பதிலோடு கடையைக் கட்டிவிடுவார்கள்.

அவள் பெருமையாகச் சொல்லிக்கொள்வது வேறு ஒன்றை. ஒரே இணையப் பக்கம் நான்கு பொறிகளிலிருந்தும் வரும்; முகவரியில் மட்டும் கொஞ்சம் மாறியிருக்கும். ஒரே செய்தியை நாலு இடத்தில் தேதியை மாற்றிப் போட்டிருப்பார்கள். அதையெல்லாம் கண்டுபிடித்து ஒன்றாகக் காட்டும் விதியை எழுதியது அண்ணிதான். “ஒரே ஆள் சட்டையை மாத்திக்கிட்டு நாலு வாசல்ல வந்தா, நாலு பேருன்னு எண்ணிடக் கூடாதுல்ல” என்பாள். அந்த விதி பக்கத்தில் உள்ள வார்த்தைகளை மட்டும் பார்க்கும். தேதி, எண் எதையும் கண்டுகொள்ளாது.

இந்த நேரத்தில்தான் என் சைக்கிள் திருட்டுப் போயிற்று.

என்னைப் பற்றிச் சொல்லவில்லையே. நான் ஒரு ரத்தப் பரிசோதனை லேபில் வேலை செய்கிறேன். காலையில் வீடு வீடாகப் போய் ரத்தம் எடுத்து வருவது என் வேலை. படுத்த படுக்கையாய் இருப்பவர்கள், வெளியே வர முடியாதவர்கள், ஊசியைக் கண்டால் சின்னப் பிள்ளையாகிவிடும் பெரிய மனிதர்கள் எல்லோரும் எனக்குப் பழக்கம். எனக்கு வலது கால் பிறவியிலேயே கொஞ்சம் குட்டை. நடந்தால் இடுப்பு வலிக்கும். சைக்கிளில் உட்கார்ந்துவிட்டால் எனக்கு யாரும் ஈடில்லை. வலது பெடல்மேல் ஒரு மரக்கட்டையை வைத்து முடுக்கிய பச்சை சைக்கிள் அது. கைப்பிடியில் லேபில் கிடைக்கும் வெள்ளைப் பிளாஸ்திரியைச் சுற்றி வைத்திருந்தேன். ஒரு வீட்டில் நரம்பு கிடைக்காமல் தடவிக்கொண்டிருந்த நேரத்தில், எந்தப் பாவியோ வாசலில் நின்றதைத் தள்ளிக்கொண்டு போய்விட்டான்.

முன்பு கட்டையை முடுக்கித் தந்தவர் இப்போது ஊரில் இல்லை. புதிதாக ஒன்று செய்து தரக் கேட்டால், கால் ஊனத்துக்குக் கருவி செய்யும் இடத்தில் மாதக்கணக்கில் காத்திருக்கச் சொன்னார்கள். லேப் மேனேஜர் அதுவரை பொறுப்பதாக இல்லை. “இந்த மாசத்தோட சுத்துற வேலை போதும்மா. உள்ளேயே உக்காந்து குப்பிக்குச் சீட்டு ஒட்டுங்க. உங்களுக்கும் சௌகரியம்” என்றார். ஜன்னல் இல்லாத அறையில் நாளெல்லாம் யாரோ எடுத்து வந்த ரத்தத்துக்குப் பெயர் ஒட்ட வேண்டும். ஒருமுறை உள்ளே போனவர்கள் திரும்ப வெளியே வந்ததில்லை. என் இடத்துக்கு வேறு ஆள் வந்துவிடுவான்.

கட்டை வைத்த வண்டியை ஓட்ட முடியாமல் திருடினவன் எங்காவது போட்டுவிட்டுத்தான் போயிருப்பான். ஊரில் கேட்பாரற்று நிற்கும் சைக்கிள்களை அள்ளிக்கொண்டு போய் வைக்க நகராட்சிக்கு நாலா பக்கமும் கிடங்குகள் உண்டு. பக்கத்துக் கிடங்குக்குப் போய்ப் பார்த்தேன், இல்லை. மற்றவற்றுக்குப் போன் அடித்தால் எடுக்க நாதி இல்லை. ஒவ்வொரு சைக்கிளுக்கும் இணையத்தில் ஒரு பக்கம் போட்டிருந்தார்கள். ஆனால் அந்தப் பக்கங்களை வரிசையாகப் பார்க்க எந்த வழியும் வைக்கவில்லை. அந்தப் புத்திசாலி யார் என்று தெரிந்தால் அவர் கையில் நரம்பே கிடைக்காமல் நான்கு இடத்தில் குத்தியிருப்பேன்.

“நான் தேடித் தர்றேன்” என்றாள் அண்ணி. தன் கருவியில் தினமும் காலையில் தேடினாள். தினமும் ஒரே பதில். ‘கேட்பாரற்ற சைக்கிள், உரிமையாளர் அலுவலக நேரத்தில் நேரில் வரவும்’ என்று ஒரு பக்கம் எல்லாவற்றுக்கும் மேலே வந்து நிற்கும். அதற்குக் கீழே எல்லாம் சைக்கிள் விற்கும் கடைகள்.

“மேல இருக்கிறது யாரோட வண்டியோ, செகப்பு. ஆனா நாலு பொறியும் அதையேதான் சொல்லுது. வேற எதுவும் இல்லைன்னுதான் தோணுது” என்றாள்.

அந்த வாரக் கடைசியில், வெள்ளிக்கிழமை சாப்பிடும்போது, தொண்டையைச் செருமிக்கொண்டு அவள் ஆரம்பித்தாள். “நான் விசாரிச்சேன். உங்க மேனேஜர், அத்தை, கால் டாக்டர் மூணு பேருமே சொல்றாங்க. உனக்கு உள்ள வேலைதான் நல்லதாம்.”

அண்ணன் தட்டைப் பார்த்துக்கொண்டு, “அவ சொல்றது சரிதானே” என்றான்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. “என்னைக் கேட்டீங்களா?” என்றேன். “ஊரெல்லாம் கேட்டீங்களே, கால் யாரோடது? வேலை யாரோடது? என்னை ஒரு வார்த்தை கேட்டீங்களா அண்ணி?” சாப்பாட்டைப் பாதியில் விட்டு எழுந்துவிட்டேன். இனி இவளோடு பேச்சே இல்லை என்று முடிவு செய்தேன்.

அந்தச் சபதம் மறுநாள் மதியம்வரை தாங்கியது. சனிக்கிழமை அரை நாள். லேபிலிருந்து பஸ்ஸில் வந்துகொண்டிருந்தவள், அண்ணியின் ஆபீஸ் வாசலில் இறங்கி அடுத்த பஸ்ஸுக்கு நிற்கும்போது மழை பிடித்துக்கொண்டது. குடை இல்லை. இடுப்பு வேறு உயிரை எடுத்தது. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மாடி ஏறினேன். அறையில் அவள் மட்டும்தான் இருந்தாள். ஒன்றும் பேசாமல் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, துண்டைக் கொடுத்தாள். நானும் பேசவில்லை. அவள் கருவியைத் திறந்து அதே தேடலைத் தட்டினாள். அதே தலைப்பு மேலே வந்தது.

“அதேதான்” என்று பெருமூச்சு விட்டாள்.

நான் தலைப்பைப் பார்க்கவில்லை. படத்தைப் பார்த்தேன். வாயை மூடிக்கொண்டிருக்க முடியவில்லை. “அதே எங்க? அன்னிக்குச் செகப்பு வண்டின்னீங்க. இது நீலம். முன்னாடி கூடை வேற இருக்கு.”

“இல்லையே, அதே பக்கம்தானே... அதே வார்த்தைங்க.” சொல்லிக்கொண்டே அவள் திரையை நோக்கிக் குனிந்தாள். மறுபடியும் தட்டினாள். அதே தலைப்பு, அதே வாசகம். இந்த முறை குழந்தை நாற்காலி வைத்த ஒரு கறுப்பு சைக்கிள். அடுத்த முறை திரும்பவும் சிவப்பு.

அவள் வாயில் கையை வைத்துக்கொண்டாள். எனக்குப் பயமாகக்கூட இருந்தது.

“என்ன அண்ணி?”

“என் விதிதான். வார்த்தையை மட்டும் பாருன்னு சொன்னேன், நம்பரைப் பாக்காதேன்னு சொன்னேன். இந்தப் பக்கங்கள்ல வார்த்தை எல்லாம் ஒண்ணு. வண்டி நம்பரும் படமும்தான் வேற. அத்தனை சைக்கிளையும் ஒரே சைக்கிளாக்கி வச்சிருக்கேன்.” அவள் குரல் இறங்கிப்போயிருந்தது. “எந்தப் பொறி முதல்ல பதில் சொல்லுதோ, அது காட்டுற வண்டி மேல வந்து நிக்குது. மத்ததெல்லாம் அதுக்குப் பின்னாடி ஒளிஞ்சுக்குது. நாலு பேரும் ஒண்ணையே சொல்றாங்கன்னு சொன்னேனே, நாலு பேரும் நாலு வண்டியைச் சொல்லியிருக்காங்க.”

எனக்குக் கோபம் வர வேண்டிய இடம் அது. வரவில்லை. அடுத்து என்ன என்று பார்க்கும் ஆசைதான் வந்தது. நாற்காலியை இழுத்து அவள் பக்கத்தில் போட்டுக்கொண்டேன்.

அவள் தன் விதியை நிறுத்திவிட்டுத் தேடினாள். அப்பாடி! திரை முழுக்கச் சைக்கிள்கள் வந்து விழுந்தன. இருக்கை இல்லாதது, சங்கிலி தொங்குவது, முன்சக்கரம் கோணியது, யாரோ பாவம் பிளாஸ்டிக் பூவைச் சுற்றி வைத்தது. ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே போனோம். பச்சையில் மூன்று இருந்தன, மூன்றும் என்னுடையது இல்லை. பட்டியல் முடிந்துவிட்டது.

“சோம்பேறி இன்னும் பதில் சொல்லலை. இந்நேரம் விட்டுட்டுப் போயிருக்கும் கருவி. காத்திருன்னு சொல்லியிருக்கேன்” என்றாள் அண்ணி.

காத்திருந்தோம். மழை விட்டுவிட்டது. இருவரும் பட்டியலின் அடியில் இருந்த வெற்றிடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தோம். கடைசியில் கீழே இன்னும் சில படங்கள் வந்து ஒட்டிக்கொண்டன. அதில் ஒரு பச்சை சைக்கிள். ரயில் பாதைக்கு அப்பால் இருக்கும் கிடங்கு. இடது பக்கத்திலிருந்து எடுத்த படம், அதனால் வலது பெடல் தெரியவில்லை. கைப்பிடியில் மட்டும் வெள்ளையாக ஏதோ இருந்தது.

“என் பிளாஸ்திரி!” என்று கத்திவிட்டேன்.

“வெயில் பட்டுக்கூட அப்படித் தெரியலாம். மத்த மூணு பொறிக்கும் இந்தப் பக்கமே தெரியாது. சோம்பேறி மட்டும்தான் சொல்லுது. எதுக்கும் இன்னொ...”

நான் அவளைத் திரும்பிப் பார்த்தேன். அவள் வாயை மூடிக்கொண்டாள். பையை எடுத்துத் தோளில் மாட்டினாள். “வா, கிடங்கை மூடுறதுக்குள்ள போயிடலாம்” என்றாள்.

பஸ்ஸில் அவளே இருவருக்கும் டிக்கெட் எடுத்தாள். பிறகு ஜன்னலைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். “உன் வேலை விஷயமும் அப்படித்தான். மேனேஜர் உங்கண்ணன்கிட்ட சொன்னார். உங்கண்ணன் போய் அத்தைகிட்ட சொன்னார். டாக்டர்கிட்டயும் அவர்தான், ‘உள்ள வேலைதானே டாக்டர் நல்லது’ன்னு கேட்டிருக்கார், டாக்டர் ஆமான்னுட்டார். நான் மூணு பேருன்னு எண்ணினேன். ஒரே வாய்தான்.”

“ம்.”

“ஒரே ஆள் சட்டை மாத்திக்கிட்டு வர்றதைப் பிடிக்கிறதுதான் என் வேலை. வீட்டுல கோட்டை விட்டுட்டேன். உன்னை வந்து கேட்டிருக்கணும். மன்னிச்சுக்கோ.”

“சரி விடுங்க அண்ணி, அழுதுடாதீங்க, கண்டக்டர் பாக்கறார்” என்றேன். அழுகை எனக்குத்தான் வந்துகொண்டிருந்தது.

கிடங்குக்காரர் கதவைப் பாதி இழுத்துவிட்டிருந்தார். பச்சை வண்டி என்றதும் பின்பக்கத்தைக் கை காட்டினார். “அதுவா? பழைய இரும்புக்கு ஒதுக்கியாச்சும்மா. திங்கட்கிழமை லாரி வருது. கோளாறு வண்டி. நானே ஏறிப் பாத்தேன், ஒரு பக்கம் முட்டி மேல வந்து வயித்துல இடிக்குது.”

குவியலின் ஓரத்தில், வேறு ஏதோ வண்டியின் சக்கரத்துக்கு அடியில் கிடந்தது என் சைக்கிள். மழையில் நனைந்திருந்தது. வலது பெடலில் கட்டை அப்படியே இருந்தது.

“ரசீது இருக்கா?” என்றார் கிடங்குக்காரர்.

ரசீது ஏது! யாரோ விற்றதை வாங்கி, யாரோ கட்டையை முடுக்கித் தந்தது. “ரசீது இல்லாம தர முடியாதும்மா. ஆளாளுக்கு வந்து என்னோடதுன்னுதான் சொல்றாங்க” என்று அவர் சாவியை எடுத்துவிட்டார்.

“ஒரு நிமிஷம் சார்” என்றாள் அண்ணி. “அவ ஏறி ஓட்டட்டும். பாருங்க.”

நான் வண்டியைத் தூக்கி நிறுத்தி, காற்று குறைந்த டயரோடு ஏறி உட்கார்ந்தேன். வலது கால் கட்டையில் போய் உட்கார்ந்தது. ஒரு மிதி, இரண்டாவது மிதி. அவ்வளவுதான், சேற்றையும் இரும்பையும் சுற்றிக்கொண்டு அந்த முற்றம் முழுக்க ஒரு வட்டம் போட்டேன். பஸ்ஸும் படியுமாக இடுப்பொடிந்து கிடந்த எனக்கு அந்த ஒரு வட்டம் எப்படி இருந்தது என்று சொல்லத் தெரியவில்லை. திரும்பி வந்து பிரேக் பிடித்தபோது கிடங்குக்காரர் என் முகத்தைப் பார்க்கவில்லை, என் காலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“கோளாறு இல்லையா அப்போ” என்றார் மெதுவாக. பிறகு அண்ணி பக்கம் திரும்பினார். “ரசீது இல்லாததால சாட்சி ஒருத்தர் சொல்லணும். இது இவங்க வண்டிதான்னு உறுதியா சொல்றீங்களாம்மா?”

எனக்கு ஒரு கணம் பகீர் என்றது. குழம்பில் உப்பு இருக்கிறதா என்றுகூட உறுதியாகச் சொல்லாதவள் ஆயிற்றே!

“உறுதியா சொல்றேன்” என்றாள் அண்ணி. கையெழுத்துப் போட்டாள்.

அதற்குப் பிறகு அவள் திருந்திவிட்டாள் என்று நினைத்துவிடாதீர்கள். மறுநாளே செருப்பு வாங்கப் போய் மூன்று கடைக்காரர்களின் உயிரை வாங்கினாள். ஆனால் அந்த விதியை மாற்றி எழுதத் தொடங்கிவிட்டாள். ஒரே மாதிரித் தெரியும் பக்கங்களை ஒன்றாகக் காட்டினாலும், அதன் கீழே ‘இதுபோல் இன்னும் உள்ளன’ என்று ஒரு வரி இருக்கும். தட்டினால் எல்லாம் விரியும். ஒரே ஒரு பொறி மட்டும் சொல்வதற்கும் பட்டியலில் ஓர் இடம் ஒதுக்கினாள். பட்டியல் நீண்டுபோகிறது என்று ஆபீஸில் முணுமுணுத்தார்களாம். இவள் மசியவில்லை.

வண்டி கிடைத்த இரண்டாம் நாள், திங்கட்கிழமை காலை, நான் அதைத் துடைத்துவிட்டு வாசலில் கிளம்பிக்கொண்டிருந்தபோது அண்ணனின் போன் அடித்தது. அவன் குளித்துக்கொண்டிருந்தான். அண்ணி எடுத்தாள். லேப் மேனேஜர்தான். எனக்கு உள்ளே மேசை தயாராகிவிட்டதாம், இன்றைக்கே உட்கார வைத்துவிடலாமா, வீட்டில் என்ன சொல்கிறீர்கள் என்று கேட்கிறார். அவர் குரல் எனக்கே கேட்டது.

குளியலறைக்குள்ளிருந்து அண்ணன், “சரின்னு சொல்லிடு” என்று கத்தினான். அம்மாவும் சமையலறையிலிருந்து தலையை நீட்டி, ஆமாம் என்று தலையாட்டினாள்.

அண்ணி இருவரையும் பார்த்தாள். வாசலுக்கு வந்து, கட்டைமேல் கால் வைத்திருந்த என்னிடம் போனை நீட்டினாள்.

“அவ இங்கதான் சார் இருக்கா” என்றாள். “அவளையே கேளுங்க.”